மூன்றாவது ராடு

நகம் தட்டியது. பரிமளம் கையை அப்படியே நிறுத்திக்கொண்டாள். மூன்றாவது கனெக்டிங் ராடின் கழுத்தில், பிஸ்டனோடு கோக்கிற சின்னக் கண்ணுக்குக் கொஞ்சம் கீழே, கட்டைவிரல் நகம் எதிலோ ஒரு கணம் நின்றுவிட்டுப் பிறகு வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தாள். இல்லை. கீழிருந்து மேலே. இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, இன்னும் மெதுவாக இழுத்தாள். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ராடைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். ஒரு பக்கம் சாய்த்தால் மயிரிழை மாதிரி ஒரு கோடு, இன்னொரு பக்கம் சாய்த்தால் வெறும் இரும்பு. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாலும் அதேதான். கணபதி ஏரியாவில் வீட்டை ஒட்டிப் போட்ட இந்தத் தகர ஷெட்டில், இதே ஜன்னலடியில், எத்தனையோ இன்ஜின்களைப் பிரித்துப் பரப்பியிருக்கிறாள். டாக்ஸிக்காரர்கள், ஜீப்காரர்கள், மலைக்குக் காய்கறி ஏற்றுகிற வேன்காரர்கள் எல்லாரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவள் ஆகாது என்றால் ஆகாது, ஓட்டலாம் என்றால் ஓட்டலாம். ஏன் என்று ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. இன்று எதிரில் யாரும் நிற்கவில்லை. மேஜைமேல் விரித்த பழைய போர்வையில் வரிசையாகக் கிடப்பது அவள் மகள் ஆதிரை ராலிப் பந்தயத்தில் ஓட்டுகிற காரின் இன்ஜின். அடுத்த சனிக்கிழமை இந்த நாலு பிஸ்டனும் நாலு ராடும்தான் மண்பாதையில் அவளைத் தூக்கிக்கொண்டு பறக்கப் போகின்றன. முதல் இரண்டையும் பார்த்து முடித்துவிட்டாள், குறை இல்லை. மூன்றாவது பிஸ்டனில் மட்டும் ஒரு பக்கம் லேசான உரசல். அதனால்தான் அதன் ராடை இவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தாள். வளைந்திருக்கிறதா என்று அளந்தும் பார்த்துவிட்டாள், வளையவில்லை. அப்புறம்தான் நகத்தை வைத்தாள், நகம் தட்டியது. தட்டிய அந்தக் கணத்தில் நெஞ்சுக்குள் சில்லென்று ஒன்று இறங்கியதே, அது என்ன? பயம் என்றுதான் முதலில் நினைத்தாள். பயம் அப்படி இறங்காது. அவளுடைய பயம் அவளுக்கு நன்றாகத் தெரியும், அது வயிற்றிலிருந்து மேலே ஏறி வரும், வாயில் இரும்புச் சுவை காட்டும். இது வேறு. பஸ்ஸில் நெடுநேரம் நின்றுவிட்டு உட்கார இடம் கிடைத்த மாதிரி. அப்பாடா என்று இருந்தது. ராடைப் போர்வைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் மகளை ஏற்றிப் போகிற ராடில் கீறல் விழுந்திருக்கிறது என்று எனக்கு அப்பாடா என்று இருந்ததா?

சாயம் அடித்துப் பார்த்துவிட வேண்டியதுதான். கண்ணும் நகமும் சண்டை போட்டுக்கொண்டால் அதற்கு அதுதான் வழி. ராடைத் தின்னரில் கழுவி, துடைத்து, காயவிட்டு, அலமாரியிலிருந்து சிவப்புச் சாய டப்பாவை எடுத்துக் குலுக்கி, கழுத்தைச் சுற்றி அடித்தாள். இரும்பு ரத்தச் சிவப்பாக நனைந்தது. கீறல் இருந்தால் சாயம் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியை அடித்தால், உள்ளே ஒளிந்தது வெளியே கசிந்து வெள்ளையில் சிவப்புக் கோடாக நிற்கும். கோடு வந்தால் கீறல், வராவிட்டால் இல்லை, அவ்வளவு சுலபம். ஆனால் சாயம் ஊறுகிறவரைக்கும் காத்திருக்க வேண்டும், அதற்குக் குறுக்கு வழி கிடையாது. பக்கத்துப் பட்டறையில் கிரைண்டர் கத்திக்கொண்டிருந்தது. நின்றது. மறுபடி கத்தியது. அந்தச் சத்தம் அவளுக்கு ஆகாமல் போய் இரண்டு மாதம் இருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் நடந்த ராலிக்கு அப்புறம். அன்றைக்கு அவள் போகவில்லை. போனால் பார்க்க வேண்டுமே என்று, மாவு அரைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும் என்று எதையோ சொல்லிவிட்டு வீட்டில் இருந்துகொண்டாள். சாயங்காலம் புருஷன் நாச்சிமுத்து போன் பண்ணி, வண்டி சித்தெ சாஞ்சிருச்சு, புள்ளைக்கு ஒண்ணும் இல்ல, வந்துட்டு இருக்கறோம் என்றார். சாய்ந்ததாம். அதை யாரோ படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பியிருந்தார்கள், மறுநாள் அவள் போனுக்கும் வந்து சேர்ந்தது. வளைவில் புழுதி கிளம்புகிறது, புழுதிக்குள்ளிருந்து கார் பக்கவாட்டில் வருகிறது, வரப்பு தடுக்கிப் புரள்கிறது, ஒரு தரம், இன்னொரு தரம், மக்காச்சோளக் காட்டுக்குள் போய் தலைகீழாக விழுகிறது. சக்கரங்கள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு சுற்றுகின்றன. இன்ஜின் அணையவில்லை. அதுதான் அந்தச் சத்தம். தலைகீழாகக் கிடக்கிற இன்ஜினில் ஆயில் எல்லாம் மேலே போய்விடும், பம்பு வெறும் காற்றை இழுக்கும், பிஸ்டனும் ராடும் எண்ணெயில்லாமல் இரும்போடு இரும்பு உரசிக்கொண்டு அலறும். படம் பார்க்கிற மற்றவர்களுக்கு அது ஏதோ இரைச்சல். பரிமளத்துக்கு மட்டும் எது எதில் உரசுகிறது என்று காதிலேயே தெரிந்தது. தெரிந்திருக்க வேண்டாம். மகள் உள்ளே தொங்கிக்கொண்டிருக்கும்போது, மூன்றாவது சிலிண்டர் அடி வாங்குகிறது என்று இவள் மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்தது. மண்ணைத் தடவியது. அதோடு படம் முடிந்துவிட்டது. அந்தக் கைக்கு அப்புறம் என்ன ஆனது என்று அவளுக்குத் தெரியும், மகள் தவழ்ந்து வெளியே வந்தாள், பக்கத்து சீட்டில் வழி படித்துச் சொல்கிற பெண்ணையும் இழுத்துப் போட்டாள், ராத்திரி வீட்டுக்கு வந்து மூன்று தோசை சாப்பிட்டாள். தெரிந்தும் என்ன, படம் கையோடு நின்றுவிட்டது. கண்ணை மூடினால் கையோடு நின்றுவிடுகிறது.

ஒரு சொல் போதும். ஆகாது என்று ஒரு சொல். இந்த மாடலுக்கு ராடு இப்போது கடையில் கிடையாது, சொல்லிவைத்து வெளியூரிலிருந்து வர வேண்டும், வருவதற்குள் சனிக்கிழமை போய்விடும். சனிக்கிழமை போனால் இந்த வருஷமே போய்விடும், ஏனென்றால் இந்த ஒன்றை நல்லபடியாக ஓட்டிக் காட்டினால் பெங்களூர்க்காரர்கள் தங்கள் குழுவில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் ஆதிரைக்காகக் காத்திருக்கப் போவதில்லை. அப்புறம் அவள் இப்போது பார்க்கிற டிசைன் கம்பெனி வேலைக்கே போய்க்கொண்டிருப்பாள், ஏசியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படம் வரைவாள், சாயங்காலம் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வருவாள். அதில் என்ன குறைச்சல்? ஒரு குறைச்சலும் இல்லை. பாதி ஊர் அப்படித்தானே இருக்கிறது. மெஷின்மேல் பழியைப் போட்டுவிட்டால் யாருக்கும் யார்மேலும் கோபம் வராது. அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை, ராடு ஆகாது என்றுதான் சொன்னாள். இந்த இடத்துக்கு வந்ததும் பரிமளத்தின் நினைப்பு முள்ளில் சேலை மாட்டிய மாதிரி நின்றுவிட்டது. இதே வார்த்தையை எங்கேயோ கேட்டிருக்கிறாள். நான் வேண்டாங்கல கண்ணு, வண்டிதான் சரியில்ல. அப்பாவின் குரல். சிங்காநல்லூரில் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தபோது அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. கல்லூரியில் படிக்கிறபோது அதை அவள் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள், பாவாடை தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, அவிநாசி ரோட்டில், புளியமரங்கள் இருந்த காலத்தில். காது இரண்டிலும் காற்று அடைத்துக்கொண்டு, தான் எங்கே முடிகிறோம் வண்டி எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத ஒரு வேகம். ஒருநாள் அப்பா சாவியை வாங்கிக்கொண்டார். கார்புரேட்டர் போயிருச்சு கண்ணு, பார்ட்ஸ் வரட்டும். பார்ட்ஸ் வரவே இல்லை. அந்த வருஷமே கல்யாணம் பேசினார்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம், வேலை எதுவும் ஓடாமல் பட்டறைக்குப் போய் அந்தக் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது. ஒரு தூசு இல்லை. மறுபடி மாட்டிவிட்டு, கையைக் கழுவிவிட்டு, வீட்டுக்கு வந்து மருதாணி வைத்துக்கொள்ள உட்கார்ந்தாள். அப்பாவிடம் கேட்கவில்லை. அவர் சாகிறவரைக்கும் கேட்கவில்லை. கெட்டவர் இல்லை அப்பா, அவளை லேத்தில் நிற்கவிட்டவர், பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இது என்றவர்களை வாசலோடு அனுப்பியவர். பயந்திருக்கிறார், அவ்வளவுதான். பயத்தை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு கார்புரேட்டரைக் கெட்டதாக்கிவிட்டார். அவர் பயமாயிருக்கு என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்போம்? நிறுத்தியிருக்க மாட்டோம். அதுவும் நிச்சயம். அப்படியென்றால் அவர் செய்ததுதான் சரியா? அவர் அப்படிச் செய்ததால்தானே இன்று உயிரோடு நிற்கிறோம், ஒருவேளை? யார் கண்டது. அன்றைக்கு எடுத்த வண்டியில் விழுந்து செத்திருப்போமா, அல்லது எங்கேயாவது போய்ச் சேர்ந்திருப்போமா, அதைச் சொல்ல எந்தச் சாயமும் இல்லை.

சாயம் ஊறியிருக்கும். துணியை எடுத்துத் துடைத்தாள். அழுத்தித் துடைத்தால் கீறலுக்குள் இருப்பதும் துணியோடு வந்துவிடும், விட்டுத் துடைத்தால் மேலே மிச்சம் நின்று இல்லாத கீறலைக் காட்டும். எத்தனையோ தடவை செய்த வேலை, கை தானாகச் செய்யும். இன்று கை தானாகச் செய்ய மாட்டேன் என்றது. கழுத்துப் பக்கம் வந்ததும் துணி லேசாகிவிடுவதைக் கவனித்தாள். தடவிக்கொடுக்கிற மாதிரி போனது. கொஞ்சம் சிவப்பு நிற்கட்டும் என்று கை நினைக்கிறதா? கைக்கு என்ன தெரியும், நினைப்பது தான்தான். வேறு துணி எடுத்தாள். ராடை ராடாக நினைத்துக்கொண்டு, பேர் தெரியாத ஒரு டாக்ஸிக்காரரின் ராடாக நினைத்துக்கொண்டு துடைத்தாள். வெள்ளை டப்பாவை எடுத்துக் குலுக்கினாள். உள்ளே குண்டு கடகடவென்று ஓடியது. அடித்தாள். சுண்ணாம்பு பூசினாற்போல் ராடு வெள்ளையாக, செத்த எலும்பு மாதிரி கிடந்தது. அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். வெளியே ஸ்கூட்டர் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நாச்சிமுத்து உள்ளே வந்தார், கையில் புது பேரிங் பெட்டி, சட்டையெல்லாம் வேர்வை. அவரும் ஒரு காலத்தில் ராலி ஓட்டியவர்தான். மகளை மடியில் உட்கார வைத்து ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அவர். ஊரில் யார் வந்தாலும் எங்க புள்ள ஆம்பளைங்களை ஓரங்கட்டிப் போட்டாளுங்க என்று சொல்வதும் அவர். வெள்ளை ராடைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்தார்.

"எந்த ராடு?" என்றார்.

"மூணாவது."

"கீறலா?"

"தெரியல. நகத்துக்குத் தட்டுச்சு. ஒரே ஒரு தரம்."

அவர் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரைண்டர் நின்றிருந்தது. வெள்ளை காய்ந்து இன்னும் வெள்ளையானது. கழுத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் வெள்ளைக்குள் இல்லாத கோடெல்லாம் ஓட ஆரம்பித்தது, கண்ணைக் கொட்டினால் மறைந்தது. அப்போது கீழே, ராடின் மறுமுனையில் இருக்கிற பெரிய கண்ணுக்குப் பக்கத்தில், இளஞ்சிவப்பாக ஒரு புள்ளி பூத்தது. புள்ளி நீண்டது. வளைந்தது. பரிமளத்தின் வாயில் இரும்புச் சுவை வந்தது.

"வந்துருச்சு," என்றார் நாச்சிமுத்து. மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் குரலில் இருந்ததை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். சற்று முன்னால் தன் நெஞ்சில் இறங்கியதே, அதேதான். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த மனுஷன் இரண்டு மாதமாகச் சிரித்துக்கொண்டும் பெருமை பேசிக்கொண்டும் திரிந்ததெல்லாம் எதன்மேல் போட்ட பூச்சு என்று அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளும் ஒரே கட்டிலில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அதே பயத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள்.

"அது கீறல் இல்லீங்க," என்றாள். "நம்பர். கம்பெனில மூணுன்னு அடிச்ச அச்சு. பள்ளத்துல சாயம் நின்னிருக்குது."

அவர் குனிந்து பார்த்தார். வளைந்த சிவப்பு மெல்ல மூன்று என்ற எண்ணாக ஆகிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தார். ஷெட் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை.

"புள்ளைக்குத் தெரியுமா அது?"

"எது?"

"நம்பர்னு. செவப்பா இருக்குது, ராடு ஆவாதுன்னு சொல்லிப்போட்டா, அவ வந்து தொடைச்சா பாக்கப் போறா? நீ சொன்னா அவளுக்குப் போதும் பரிமளா. நானும் ஒண்ணும் சொல்லல. ஒரு வருஷம்தான். ஒரு வருஷத்துல மனசு மாறினாலும் மாறும்."

அவர் சொன்னதில் அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. இவ்வளவு நேரமும் தன் தலைக்குள் ஓடியதுதான், வார்த்தைக்கு வார்த்தை. உள்ளே ஓடியபோது அது தாய்மனசு மாதிரி இருந்தது. இப்போது வெளியே, ஒரு ஆம்பளைக் குரலில், வாசலைப் பார்த்துக்கொண்டு தாழ்த்திச் சொன்னபோது திருட்டு மாதிரி இருந்தது. நீ சொன்னா அவளுக்குப் போதும். போதும்தான். அதனால்தானே சொல்லக்கூடாது. ஆகாததை ஓட்டலாம் என்று இதுவரை சொன்னதில்லை. நல்லதை ஆகாது என்று ஒரு தரம் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் தன் நகம் என்ன சொல்கிறது என்று தனக்கே எப்படித் தெரியும்? அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் காலரில் வேர்வை ஊறி இருந்தது, பாவமாக இருந்தது.

"எனக்கும் அப்படித்தாங்க இருக்குது," என்றாள். "நகம் தட்டினப்ப எனக்குச் சந்தோசம். ஆனா ராடு நல்லாருக்குது."

நாச்சிமுத்து தலையை ஆட்டினார். பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு சுவரோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, வேறு வேலையில்லாதவர் மாதிரி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வெள்ளைப் பொடியைக் கழுவித் துடைத்தாள். மனசு அடங்கவில்லை. முதலில் லேசாகத் துடைத்தோமே, அப்புறம் அதிகமாக அழுத்தித் துடைத்துவிட்டோமோ? டாக்ஸிக்காரர் ராடு என்று நினைத்துக்கொண்டு துடைத்தது டாக்ஸிக்காரருக்குப் போதும். மறுபடி சிவப்பை அடித்தாள். மறுபடி காத்திருந்தாள். மறுபடி துடைத்து, மறுபடி வெள்ளையை அடித்தாள். இந்தத் தடவை எந்தப் பக்கமும் ஆசைப்படாமல் பார்க்கலாம் என்று பார்த்தாள். முடியவில்லை. வா, வந்துவிடு என்று உள்ளே ஒன்று கேட்டுக்கொண்டேதான் இருந்தது. கேட்கட்டும் என்று விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று என்ற எண் மட்டும் சிவந்தது. கழுத்து வெள்ளையாகவே நின்றது. லென்ஸை வைத்துப் பார்த்தபோது, நகம் தட்டிய இடம் வார்ப்பில் விழுந்த ஒரு பழைய மேடு, இரண்டு பக்கமும் மழுங்கியது, இந்த இன்ஜின் பிறந்தபோதே இருந்தது.

ஆதிரை வந்தபோது வெயில் ஜன்னலைவிட்டு இறங்கியிருந்தது. கம்பெனி அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள் அம்மாவையும் அப்பாவையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள், அப்புறம் வெள்ளை ராடைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறுவதைப் பரிமளம் பார்த்தாள்.

"போச்சாம்மா?"

"இல்ல. நல்லாருக்குது. சந்தேகமா இருந்துச்சு, ரெண்டு தரம் சாயம் அடிச்சுப் பாத்தேன். கீறல் இல்ல."

ஆதிரை மூச்சு விட்டாள். அங்கே நிறுத்தியிருக்கலாம். பரிமளத்தின் அப்பாவாக இருந்தால் அங்கேதான் நிறுத்தியிருப்பார். பரிமளம் துணியைக் கையில் முறுக்கிக்கொண்டே சொன்னாள். "கீறல் இருந்தா நல்லாருக்கும்னு எனக்கு இருந்துச்சு கண்ணு. இப்பவும் இருக்குது. உன்ற கை மண்ணைத் தடவுச்சே, அந்தப் படம், அது எனக்குப் போவ மாட்டேங்குது. நீ ஓட்டறது எனக்குப் பயமா இருக்குது. வேண்டாம்னு சொல்லல. பயமா இருக்குதுன்னு சொல்றேன்."

ஸ்டூலில் இருந்த நாச்சிமுத்து நிமிரவில்லை. ஆதிரை அடையாள அட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"தெரியும்மா," என்றாள். "அன்னைக்கு நீ வராததுலயே தெரியும். பெங்களூர்க்காரங்க இன்ஜினை அவங்க ஆளே பாத்துத் தர்றேன்னாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன். அவங்களுக்கு வண்டி கிளம்புனாச் சரி. நீ கீறல் இருக்கணும்னு தேடுவே. உனக்கே கிடைக்கலன்னா இல்ல."

பரிமளம் முறுக்கின துணியைப் பிரித்தாள். இதைப் பெருமையாக எடுத்துக்கொள்வதா, அல்லது தன் பயத்தைக்கூட இந்தப் பெண் ஒரு கருவியாக எடுத்து உபயோகப்படுத்திக்கொண்டிருக்கிறாளா? மடியில் தூங்கியவள், தன் தாய் எதற்கு நடுங்குகிறாள் என்பதை அளந்து வைத்திருக்கிறாள். தான் தன் அப்பாவை ஒருநாளும் இப்படி அளந்ததில்லை. நாச்சிமுத்து எழுந்து, டீ சொல்லிட்டு வர்றேன் என்று யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

"நாலாவது பாத்தாச்சா?" என்று ஆதிரை கேட்டாள்.

"இன்னும் இல்ல."

"பாரு. நான் இருக்கறேன்." அப்பா விட்டுப்போன ஸ்டூலை மேஜையோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பரிமளம் விளக்கைப் போட்டாள். நாலாவது ராடை எடுத்து எண்ணெய் போகத் துடைத்தாள். கழுத்தில் நகத்தை வைத்தாள். பயம் இருந்த இடத்திலேயே இருந்தது.